மொய் வைக்காம பந்தியில உக்காரலாமா? டோரண்ட் கேள்வி பதில்

போன இதழ்ல, கூகுள் ட்ரைவ் ஃபுல் ஆயிடுச்சு, பெரிய ஃபைல் எப்படி அனுப்பறதுன்னு கேட்ட ஒருத்தருக்கு "டோரண்ட்லயும் அனுப்பலாமே"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். டோரண்ட்னா, ஒரு ஃபைலை ஒரே சர்வர்லேருந்து இறக்காம, அதை வச்சிருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துண்டு துண்டா பகிர்ந்துக்கற முறை. அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பத்தியேதான். சரி, இந்தத் தடவை முழுக்க அதையே வச்சுக்குவோம். முன்னாடியே சொல்லிடறேன், "புதுப்படம் எங்க கிடைக்கும்"னு கேட்ட எல்லாருக்கும் சேர்த்து கீழ ஒரே பதில்தான் போட்டிருக்கேன், தேடி ஏமாறாதீங்க.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்): சார், ஒரு ஃபைல் 99.7 சதவீதத்துல வந்து நின்னு அஞ்சு நாளாச்சு. லேப்டாப்பை ஆஃப் பண்ணாம ஹாஸ்டல் கரண்ட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கேன். மீதி 0.3 எங்க சார் போச்சு?

பதில்: யார்கிட்டயும் இல்ல தம்பி, அதான் விஷயம்.

டோரண்ட்ல முழு ஃபைலை ஒரே ஆள் உங்களுக்குத் தூக்கிக் குடுக்கறதில்ல. ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி வச்சிருப்பாங்க, ஒரு துண்டு 256 கேபியும் இருக்கலாம், 4 எம்பியும் இருக்கலாம், ஃபைல் சைஸைப் பொறுத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-1னு கைரேகை மாதிரி ஒரு கணக்கு உண்டு, வந்து சேர்ந்த துண்டோட கைரேகை ஒத்துப் போகலன்னா சாஃப்ட்வேரே அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி வாங்கிக்கும். முழு ஃபைலையும் வச்சிருக்கிறவர் சீடர், பாதி வாங்கி பாதி குடுத்துக்கிட்டு இருக்கிறவங்க பியர், லீச்சர்னும் சொல்லுவாங்க. இப்ப உங்க கதையில என்ன நடந்திருக்கும்னா, இருந்த ஒரே சீடர் 99.7 வரைக்கும் குடுத்துட்டு கம்ப்யூட்டரை மூடிட்டுப் போயிருப்பார். மத்தவங்க எல்லாரும் உங்களை மாதிரியே அதே 99.7ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. சந்தேகம்னா உங்க சாஃப்ட்வேர்ல 'அவைலபிலிட்டி'ன்னு ஒரு இடம் இருக்கும், பாருங்க. அங்க 1க்குக் கீழ, 0.997ன்னு காட்டுச்சுன்னா அங்க இருக்கிற அத்தனை பேர் கையில இருக்கறதையும் ஒட்ட வச்சாலும் ஒரு முழு ஃபைல் தேறாதுன்னு அர்த்தம்.

இப்படி ஆகக்கூடாதுன்னுதான் யார்கிட்டயும் அதிகம் இல்லாத துண்டு எதுவோ அதை முதல்ல வாங்குன்னு அந்த சிஸ்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. ஆனா குடுக்கறவரே எழுந்து போயிட்டா அதுவும் என்ன பண்ணும்.

ஒரு தடவை 'ஃபோர்ஸ் ரீசெக்', அதாவது இறங்கினதை மறுபடி சரிபாருன்னு குடுத்துப் பாருங்க, சில சமயம் கணக்குதான் தப்பா இருக்கும். அதுலயும் சரியாகலன்னா, அது வீடியோ ஃபைலா இருந்தா விஎல்சி ப்ளேயர்ல போட்டுப் பாருங்க. 1.4 ஜிபி ஃபைல்ல 0.3 சதவீதம்னா நாலு எம்பி சொச்சம்தான், எங்கயோ ஒரு இடத்துல கட்டம் கட்டமா உடைஞ்சுட்டு மறுபடி ஓட ஆரம்பிச்சுடும். ஜிப் ஃபைலோ, சாஃப்ட்வேர் சிடியை அப்படியே ஒரே ஃபைலா ஆக்கின ஐஎஸ்ஓவோ அப்படி இல்ல, நாலு எம்பி இல்லன்னா நாலு ஜிபியும் வேஸ்ட். நான் ப்ரௌசிங் சென்டர் வச்சிருந்த காலத்துல ஒரு ஃபைலுக்காக 11 நாள் காத்திருந்தேன், அந்த சீடர் வாரத்துக்கு ஒரு நாள்தான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவார் போல, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்தார், பத்தே நிமிஷத்துல முடிஞ்சுது. அதனால ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. மத்த நாள் லேப்டாப்பை ஆஃப் பண்ணிட்டுப் படிங்க.

கேள்வி (கும்பகோணம், பணி ஓய்வு பெற்றவர்): நான் டவுன்லோடுதானே பண்றேன், என் கம்ப்யூட்டர்லேருந்து ஏன் அப்லோடு ஆகிக்கிட்டே இருக்கு? யாராவது என் ஃபைல்களைத் திருடுறாங்களா? இதை ஜீரோ ஆக்க வழி உண்டா?

பதில்: உங்க ஊர் பக்கம் மொய் நோட்டு பாத்திருப்பீங்கல்ல சார், இது அப்படியே அந்தக் கணக்குதான். நம்ம வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்ளோ வச்சாங்கன்னு நோட்டுல இருக்கும், அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம அதைப் பாத்துட்டுத்தான் வைப்போம். 2001ல ப்ராம் கோஹன்னு ஒரு அமெரிக்க புரோக்ராமர் பிட்டோரண்ட்டை எழுதினப்ப அவருக்கு மொய் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, ஆனா எழுதி வச்சது அதேதான். உங்க சாஃப்ட்வேர் பத்து செகண்டுக்கு ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பாக்கும், இந்தக் கொஞ்ச நேரத்துல எனக்கு யார் நிறைய குடுத்தாங்க, அதுல மேல இருக்கிற நாலஞ்சு பேருக்கு நான் குடுக்கறேன், மத்தவங்க கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்லும். எதிர்ப்பக்கமும் உங்களை அதே மாதிரிதான் எடை போடும்.

அப்ப கையில ஒரு துண்டு கூட இல்லாம புதுசா வந்து நிக்கிறவன் கதி என்ன? அதுக்கும் கோஹன் வழி வச்சிருக்கார். 30 செகண்டுக்கு ஒரு தடவை, மொய் வச்சானா வைக்கலையான்னு பாக்காம யாரோ ஒருத்தனுக்கு இலை போட்டுடும். அவன் நாலு வாய் சாப்பிட்டு அதுல வந்த துண்டை அடுத்தவனுக்குக் குடுத்து கணக்கை ஆரம்பிச்சுக்குவான். எனக்கு இந்த ஒரு ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், நம்ம ஊர் கல்யாணத்துல கூட தெரியாத ஆளை இவ்ளோ சுலபமா உக்கார வைக்க மாட்டாங்க.

திருட்டெல்லாம் இல்ல. அந்த ஒரு டோரண்ட்ல இருக்கிற ஃபைலோட துண்டு மட்டும்தான் வெளிய போகும், உங்க போட்டோவையோ பாஸ்புக் ஸ்கேனையோ யாரும் தொட முடியாது. உங்க பயம் பழைய காலத்து பயம், கஸா, லைம்வயர்னு அப்ப இருந்த ஃபைல் பகிர்ற சாஃப்ட்வேர்ல ஒரு ஃபோல்டரையே ஷேர் பண்ணணும், சில பேர் தெரியாம 'மை டாகுமென்ட்ஸ்'ஸையே ஊருக்குத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பாங்க.

இப்ப ஜீரோ விஷயம், இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க. க்யூபிட்டோரண்ட்ங்கற டோரண்ட் சாஃப்ட்வேர்ல அப்லோடு லிமிட்ல 0 போட்டீங்கன்னா அதுக்கு அர்த்தம் 'அப்லோடே கிடையாது' இல்ல, 'அளவே கிடையாது'! ஒருத்தர் இப்படி ஜீரோ போட்டுட்டு, நெட் ஸ்லோன்னு கம்பெனிக்கு ஃபோன் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தார், அவர் வீட்டு அப்லோடு முழுக்க டோரண்ட் குடிச்சுக்கிட்டு இருந்தது. அப்லோடு ரொம்பிப் போச்சுன்னா டவுன்லோடும் படுத்துடும், ஏன்னா வந்த ஒவ்வொண்ணுக்கும் 'வந்துச்சு'ன்னு பதில் அனுப்பணும்ல, அந்தப் பதில் க்யூவுல நிக்கும். உங்க அப்லோடு வேகம் எவ்ளோன்னு டெஸ்ட் பண்ணிட்டு அதுல முக்கால் பங்கு, மிஞ்சிப் போனா 80 சதவீதம் வைங்க. ரேஷியோ 1 வந்ததும், அதாவது வாங்கின அளவுக்குக் குடுத்ததும் நிறுத்துன்னு செட்டிங்க்ஸ்ல போட்டுட்டா முடிஞ்சுது.

கேள்வி (பல ஊர்கள், பல பேர்): போன வாரம் ரிலீஸான படம் எந்த சைட்டுல...

பதில்: சொல்ல மாட்டேன். ஆனா சட்டம் என்னன்னு சொல்றேன். காப்பிரைட் சட்டம் 63வது பிரிவுல ஆறு மாசத்துலேருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000லேருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். 2023ல சினிமா சட்டத்தையும் திருத்தினாங்க, தியேட்டர்ல கேமரா வச்சு எடுக்கறவனுக்குக் குறைஞ்சது மூணு மாசம் ஜெயில், 3 லட்சம் அபராதம், அது மேல போனா மூணு வருஷம், படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும் அபராதம். "நான் பாக்கத்தான் சார் செஞ்சேன், யாருக்கும் குடுக்கல"ன்னு சொல்றவங்க மேல இருக்கிற பதிலை இன்னொரு தடவை படிங்க, டோரண்ட்ல வாங்கும்போதே நீங்க குடுத்துக்கிட்டும் இருக்கீங்க. அது எங்க கொண்டு போய் விடும்னு அடுத்த கேள்வியில பாருங்க.

கேள்வி (ஜேர்மனி): மகன் ஃபோனில ஏதோ ஒரு ஆப்பில படம் பார்த்தவன், டவுன்லோட் செய்யவே இல்லை எண்டுதான் சொல்லுறான். இப்ப வக்கீல் ஒருவரிட்ட இருந்து 900 யூரோவுக்குக் கிட்ட கேட்டுக் கடிதம் வந்திருக்கு. இது உண்மையோ ஏமாத்தோ? காசு கட்டத்தான் வேணுமோ?

பதில்: ஐயா, உங்க நாட்டுல இதுக்கு 'அப்மானுங்'னு பேரு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தபால்ல வந்து, எந்தப் படம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஐபி நம்பர் (நெட்டுல உங்க வீட்டு விலாசம் மாதிரி)னு எல்லாம் போட்டிருந்தா பெரும்பாலும் நிஜம்தான். வெறும் ஈமெயில்ல வந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருன்னு சொன்னா திறக்காதீங்க, அதுல போலி நிறைய.

மகன் பொய் சொல்லல, அவனுக்குத் தெரியாம இருந்திருக்கும். 2014ல பாப்கார்ன் டைம்னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கப்புறம் அதே மாதிரி நிறைய, பாக்கறதுக்கு ஸ்ட்ரீமிங் மாதிரியே இருக்கும், போஸ்டரைத் தொட்டா படம் ஓடும். உள்ள ஓடுறது டோரண்ட். பையன் படம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஃபோன் அந்தத் துண்டுகளை அடுத்தவங்களுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கும். ஜேர்மன் வக்கீல்கள் பிடிக்கிறது பாத்ததுக்காக இல்ல, அந்த அனுப்புனதுக்காக. எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னா அதுல மாயம் ஒண்ணும் இல்ல, அவங்க ஆளும் அதே கூட்டத்துல போய் நிப்பாங்க, அங்க நிக்கிற எல்லாரோட ஐபி நம்பரும் எல்லாருக்கும் தெரியும், அதைத் தேதி நேரத்தோட குறிச்சுக்கிட்டு கோர்ட்டு மூலமா நெட் கம்பெனிகிட்ட பேரும் விலாசமும் வாங்கிடுவாங்க.

என்ன செய்யணும்னா, மூணு தப்பு மட்டும் பண்ணாதீங்க. குப்பையில போடாதீங்க, அதுல போட்டிருக்கிற கெடு தேதிய விட்டுடாதீங்க, அவங்களே எழுதி அனுப்பின 'இனிமே செய்ய மாட்டேன்' உறுதிமொழித் தாள்ல படிச்சுக் கேக்காம கையெழுத்துப் போடாதீங்க, அது வருஷக்கணக்கா உங்களைக் கட்டிப் போடுற தாள். பக்கத்து ஊர்ல இருக்கிற ஃபெர்ப்ராவுகர்சென்ட்ராலே, அதாவது நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கோ, இந்த வழக்கு தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்டயோ கடிதத்தை எடுத்துட்டுப் போங்க. பையன் சின்னவனா, நீங்க முன்னாடியே இதெல்லாம் பண்ணக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தீங்களான்னு அவங்க கேப்பாங்க. 2012ல உங்க நாட்டு உச்ச கோர்ட்டு 13 வயசுப் பையன் ஒருத்தன் வழக்குல, தெளிவா சொல்லித் தடுத்திருந்த பெத்தவங்க நஷ்ட ஈடு தர வேண்டியதில்லைன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அந்த ஆப்பை இன்னைக்கே அழிச்சுடச் சொல்லுங்க.

கேள்வி (சேலம், இல்லத்தரசி): பையன் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்த வீடியோ லேப்டாப்ல நல்லா ஓடுது, டிவியில போட்டா படம் மட்டும் வருது, சத்தமே வரல. இன்னொண்ணு 'சப்போர்ட் இல்லை'ன்னே சொல்லுது. ரெண்டும் எம்கேவிதான். டிவி ரிப்பேரா?

பதில்: டிவி நல்லாத்தான் இருக்கும்மா. எம்கேவிங்கறது டிபன் கேரியர் மாதிரி. மேல் தட்டுல படம், அடுத்த தட்டுல சத்தம், இன்னொரு தட்டுல வேற மொழி சத்தம், கீழ சப்டைட்டில்னு அடுக்கி வச்சிருப்பாங்க. கேரியர் ஒரே மாதிரி இருக்குங்கறதுக்காக உள்ள சாப்பாடும் ஒண்ணா இருக்கணும்னு இல்லல்ல. கேரியரைத் திறக்க உங்க டிவிக்குத் தெரியுது, சத்தம் இருக்கிற தட்டைத்தான் அதால சாப்பிட முடியல. டிடிஎஸ், டால்பி வகையறா சத்தத்துக்கு லைசென்ஸ் காசு கட்டணும், விலை குறைவான டிவியில நிறைய கம்பெனிங்க அதை விட்டுடுவாங்க. லேப்டாப்ல விஎல்சி இருக்கும், அது எதைக் குடுத்தாலும் சாப்பிடும். பாரீஸ்ல ஒரு காலேஜ் பசங்க 1996ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்டும்மா அது, அந்த ஆரஞ்சு கூம்பு கூட அவங்க ரோட்டுலேருந்து தூக்கிட்டு வந்து ரூம்ல அடுக்கி வச்சிருந்ததுதான்.

'சப்போர்ட் இல்லை'ன்னு சொல்ற ஃபைல்ல படத் தட்டே பிரச்சனை. 2013ல வந்த ஹெச்.265ங்கற முறையில சுருக்கியிருப்பாங்க, அதுவும் 10 பிட்டுன்னா பழைய டிவிக்கு ஒண்ணும் புரியாது, அதுக்குப் புரியறது 2003ல வந்த ஹெச்.264. எதுல இருக்குன்னு தெரியணும்னா பையனை விஎல்சில ஓட விட்டு கன்ட்ரோல் ஜே அமுக்கச் சொல்லுங்க, எந்தத் தட்டுல என்னன்னு லிஸ்ட் வரும். சத்தம் மட்டும் பிரச்சனைன்னா முழுசையும் மாத்த வேண்டாம், எஃப்எஃப்எம்பெக்ங்கற சாஃப்ட்வேர்ல படத்தை அப்படியே வச்சுட்டு சத்தத்தை மட்டும் ஏஏசிங்கற சத்த முறைக்கு மாத்தினா ஒரு சினிமாவுக்கு சில நிமிஷம் போதும். படத்தையும் மாத்தணும்னா ஹேண்ட்ப்ரேக்னு ஒரு சாஃப்ட்வேர், அது மணிக்கணக்குல ஓடும், லேப்டாப் அடுப்பு மாதிரி சுடும். அதுக்கு பேசாம ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயரை வாங்கி லேப்டாப்பையே டிவியில மாட்டிடலாம், 200, 300 ரூபா வேலை. நான் அதைத்தான் செய்வேன்.

இன்னொண்ணு, 4 ஜிபிக்கு மேல இருக்கிற ஃபைல் பென்டிரைவ்ல ஏறவே மாட்டேங்குதுன்னு பையன் சொன்னான்னா, பென்டிரைவ்ல இடம் இல்லாம இல்ல, ஃபேட்32ல ஃபார்மட் ஆகியிருக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துங்க, மாத்தறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற போட்டோவை எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க.

கேள்வி (புதுச்சேரி): தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வருது, இங்கிலீஷ் சப்டைட்டில் வந்தாலும் வசனத்துக்கு முன்னாடியே வந்துடுது.

பதில்: கட்டம் வந்தா ஃபான்ட் இல்ல. விஎல்சி சப்டைட்டில் செட்டிங்க்ஸ்ல ஃபான்டை நிர்மலா யூஐன்னு மாத்துங்க, எஸ்ஆர்டி ஃபைலை, அதாவது சப்டைட்டில் ஃபைலை நோட்பேட்ல திறந்து யுடிஎஃப்-8ல சேவ் பண்ணுங்க. கட்டமா இல்லாம கண்ட இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்துச்சுன்னா அது யூனிகோடுக்கு முந்தின ஏதோ பழைய ஃபான்ட்ல அடிச்சது, கன்வர்ட்டர்ல போட்டு மாத்தணும். ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்னா விஎல்சி பழசு, அப்டேட் பண்ணுங்க.

முன்னாடி வர்றதுக்கு, படம் ஓடும்போதே ஹெச் கீயைத் தட்டுங்க, ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்ட் பின்னாடி போகும், ஜி தட்டினா முன்னாடி வரும். ஆனா ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகிச்சுன்னா இது வேலைக்காகாது, அது வேகப் பிரச்சனை. செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடுற பிரிண்டுக்கு எழுதின சப்டைட்டிலை 23.976 ஓடுற பிரிண்டுல போட்டா ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை நிமிஷம் விலகிடும், அதாவது ஹீரோயின் அழறதுக்கு ரெண்டரை நிமிஷம் முன்னாடியே ஏன் அழறான்னு நமக்குத் தெரிஞ்சுடும். சப்டைட்டில் எடிட் மாதிரி சாஃப்ட்வேர்ல ஃப்ரேம் ரேட்டை மாத்தணும், இல்லன்னா பிரிண்டுக்கு ஏத்த சப்டைட்டிலைத் தேடணும்.

கேள்வி (மதுரை): எம்பி4ன்னு போட்டிருந்த ஒரு ஃபைலை டபுள் க்ளிக் பண்ணேன், கறுப்பா ஒரு விண்டோ வந்து மறைஞ்சுது, படம் ஓடல. மறுபடி க்ளிக் பண்ணலாமா?

பதில்: ஐயோ வேண்டாம். முதல்ல நெட்டைப் பிடுங்குங்க. வேற ஃபோன்லயோ கம்ப்யூட்டர்லயோ மெயில், பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் மாத்துங்க, அப்புறம்தான் இந்தக் கம்ப்யூட்டரை ஸ்கேன் பண்றது, என்னைக் கேட்டா வேண்டியதை மட்டும் எடுத்துட்டு விண்டோஸையே புதுசா போட்டுடுவேன்.

நீங்க பாத்தது எம்பி4 இல்ல. விண்டோஸ் ஃபைல் பேரோட கடைசி வாலை மறைச்சு வைக்கும், வாங்கும்போதே அப்படித்தான் செட் ஆகி வரும். 'படம் டாட் எம்பி4 டாட் இஎக்ஸ்இ'ன்னு பேர் வச்சா உங்களுக்குத் தெரியறது எம்பி4 வரைக்கும்தான், ஐகானும் விஎல்சி கூம்பு மாதிரியே போட்டுடுவாங்க. ஃபோல்டர்ல 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'ஸை டிக் பண்ணி வைங்க, எல்லாரும் இப்பவே பண்ணுங்க. அதே மாதிரி, படம் பாக்க இந்த கோடெக்கை (வீடியோவைப் பிரிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணுன்னு சொன்னாலோ, ஜிப்புக்குப் பாஸ்வேர்டு வேணும், இந்த லிங்க்குல போய் வாங்குன்னு சொன்னாலோ அங்கயே அழிச்சுடுங்க.

கேள்வி (ஓசூர்): 100 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டிருக்கேன், டவுன்லோடு 12க்கு மேல போக மாட்டேங்குது. ஏமாத்தறாங்களா?

பதில்: இல்ல. ப்ளான்ல சொல்றது மெகாபிட், சாஃப்ட்வேர் காட்டறது மெகாபைட், எட்டால வகுங்க. 12.5தான் உங்க உச்சம், 12 வருதுன்னா சந்தோஷப்படுங்க.

கேள்வி (சென்னை): டோரண்ட்னாலே சட்ட விரோதம்தானேன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நல்லதா எடுக்கறதுக்கு அதுல என்னதான் இருக்கு?

பதில்: ரோட்டுல திருடன் ஓடுறான்னு ரோடே சட்ட விரோதம் ஆயிடுமா. உபுண்டு, டெபியன், லிப்ரே ஆபீஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேர்காரங்க எல்லாம் அவங்க சைட்லயே டோரண்ட் லிங்க் குடுக்கறாங்க, ஏன்னா புது வெர்ஷன் வர்ற அன்னைக்கு எல்லாரும் அவங்க சர்வர் மேல போய் விழ வேண்டாம்ல. ப்ளெண்டர்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர்காரங்க எடுத்த 'பிக் பக் பன்னி', 'சின்டெல்' அனிமேஷன் படங்கள் ரெண்டையும் யாரு வேணா எடுக்கலாம், குடுக்கலாம்னு உரிமம் போட்டே விட்டிருக்காங்க, ஒண்ணு பத்து நிமிஷம், ஒண்ணு பதினஞ்சு, டோரண்ட் பழகறவங்களுக்கு நான் முதல்ல குடுக்கறதே இதுங்களைத்தான். நார்வே நாட்டு அரசு டிவி 2009ல பெர்கன்லேருந்து ஓஸ்லோ போற ரயில்ல கேமராவை மாட்டி ஏழு மணி நேரத்துக்கு மேல அப்படியே ஒளிபரப்பினாங்க, அப்புறம் அந்த முழு வீடியோவையும் அவங்களே டோரண்ட்ல விட்டாங்க. சும்மா ரயில் போகும், பனி இருக்கும், சுரங்கம் வரும், இருட்டாகும், வெளிச்சம் வரும். ஊட்டி ரயிலுக்கு யாராவது அப்படி ஒண்ணு எடுத்து விட்டா நான் சாகற வரைக்கும் சீட் பண்ணுவேன்.

ஆர்க்கைவ் டாட் ஆர்க்ங்கற இணைய நூலகத்துல 2012லேருந்து பழைய ஆடியோ, வீடியோ, புத்தகத்துக்கு எல்லாம் டோரண்ட் லிங்க் உண்டு. பழைய படம் தேடுறவங்க ஒரு கணக்கு வச்சுக்கோங்க, நம்ம சட்டப்படி ஒரு சினிமாவோட உரிமை அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேருந்து 60 வருஷம். 1955ல வந்த படம்னா 2015 முடிவோட போச்சு. ஆனா பாட்டு எழுதினவரோட உரிமை அவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் தனியா நிக்கும், அதனால பழசுன்னா எல்லாமே பொதுச்சொத்துன்னு நினைச்சுடாதீங்க.

உங்க ஆபீஸ் ஆளுங்க அப்படி நினைக்க ஒரு காரணமும் இருக்கு. 2012ல ஒரு தமிழ்ப் படத்துக்காக நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுல பேர் தெரியாத ஆளுங்க மேல 'அசோக் குமார்'னு ஒரு பேரைப் போட்டு தடை வாங்கினாங்க. அதை வச்சுக்கிட்டு நெட் கம்பெனிங்க டோரண்ட் சைட்டோட சேர்த்து விமியோ, பேஸ்ட்பின்னு சம்பந்தமே இல்லாததை எல்லாம் முழுசா மூடிட்டாங்க. ஜூன் மாசம் கோர்ட்டே, குறிப்பிட்ட லிங்க்கை மட்டும்தான் தடுக்கணும், முழு சைட்டை இல்லன்னு தெளிவு பண்ண வேண்டி வந்துச்சு. 2017 ஆகஸ்ட்ல ரெண்டு இந்திப் படத்துக்காக மறுபடி ஒரு தடை, அந்தத் தடவை லிஸ்ட்டுல ஆர்க்கைவ் டாட் ஆர்க்கே மாட்டிக்கிச்சு. கொசுவுக்காக வீட்டைக் கொளுத்தின கதை.

கேள்வி (கோவை): முன்னெல்லாம் டோரண்ட் ஃபைல்னு ஒண்ணு இறக்கணும், இப்ப மேக்னட் லிங்க்னு ஒரு நீள வரிதான் இருக்கு. அதுலேருந்து எப்படி வருது? முழுசா இறங்கறதுக்கு முன்னாடியே ஓட விட்டுப் பாக்க முடியுமா?

பதில்: அந்த வரியில இருக்கிற 40 எழுத்துதான் விஷயம், அது அந்த டோரண்ட்டோட கைரேகை. உங்க சாஃப்ட்வேர் அந்தக் கைரேகையைச் சொல்லி 'இது யார்கிட்ட இருக்கு'ன்னு பக்கத்துல இருக்கிறவங்களை விசாரிக்கும், அவங்க 'எனக்குத் தெரியல, ஆனா அந்தத் தெருவுல கேளு'ன்னு கை காட்டுவாங்க, இப்படியே நாலு தெரு சுத்தி ஆளைக் கண்டுபிடிச்சுடும். டிஹெச்டின்னு பேரு, 2005லேருந்து டோரண்ட்ல இருக்கு. 1999ல வந்த நாப்ஸ்டர்ங்கற பாட்டு பகிர்ற சாஃப்ட்வேர்ல இது இல்ல, யார்கிட்ட எந்தப் பாட்டு இருக்குங்கற லிஸ்ட் முழுக்க அவங்க ஒரே இடத்துல வச்சிருந்தாங்க, 2001ல கோர்ட்டு அந்த லிஸ்ட்டைப் பிடிச்சதும் எல்லாம் முடிஞ்சு போச்சு.

முழுசா இறங்கறதுக்கு முன்னாடி பாக்க முடியுமான்னா, பாக்கலாம். க்யூபிட்டோரண்ட்ல ரைட் க்ளிக் பண்ணி வரிசையா இறக்குன்னு ஒண்ணும், முதல் துண்டையும் கடைசித் துண்டையும் முன்னாடி இறக்குன்னு ஒண்ணும் இருக்கும், ரெண்டையும் டிக் பண்ணுங்க. கடைசித் துண்டு எதுக்குன்னா, நிறைய எம்பி4 ஃபைல்ல எந்த இடத்துல என்ன இருக்குங்கற பொருளடக்கம் கடைசிப் பக்கத்துல இருக்கும், அது வராம ப்ளேயரால ஒரு செகண்ட் கூட ஓட்ட முடியாது. ஆனா ஆள் கம்மியா இருக்கிற டோரண்ட்ல இதைச் செய்யாதீங்க, எல்லாரும் வரிசையா வாங்க ஆரம்பிச்சா எல்லார்கிட்டயும் முன்பாதிதான் இருக்கும், திருநெல்வேலித் தம்பி கதைதான் ஆகும்.

கேள்வி (காரைக்குடி): தங்கச்சி கல்யாண வீடியோ 80 ஜிபி இருக்கு. டொரண்டோல ஒரு அக்கா, சிங்கப்பூர்ல மாமா, பெங்களூர்ல தம்பி, மூணு பேரும் ஒரிஜினல் குவாலிட்டியில கேக்கறாங்க. வாட்ஸ்ஆப் சுருக்கிடுது, ட்ரைவ்ல காசு கேக்குது. நீங்க சொன்ன மாதிரி டோரண்ட்ல அனுப்பறது எப்படி?

பதில்: போன இதழ்ல நான் சொன்ன ஒரு வரிக்கு சரியான கேள்வி இது ஒண்ணுதான்.

முதல்ல வீடியோ எல்லாத்தையும் 7-ஜிப்ல பாஸ்வேர்டு போட்டுக் கட்டுங்க, ஏன்னா மேக்னட் லிங்க் யார் கையில கிடைச்சாலும் அவங்களும் இறக்கலாம், குடும்ப விஷயம் ஊர் முழுக்கப் போக வேண்டாம். பாஸ்வேர்டை வாட்ஸ்ஆப்ல போடாம ஃபோன்ல சொல்லுங்க. க்யூபிட்டோரண்ட்ல டூல்ஸ் மெனுவுல 'டோரண்ட் க்ரியேட்டர்'னு இருக்கும், ஃபைலைக் காட்டி உருவாக்கி உடனே சீட் பண்ண விடுங்க. அதுல 'ப்ரைவேட்'னு ஒரு டிக் இருக்கும், பேரைப் பாத்து அதைப் போட்டுடாதீங்க, போட்டா டிஹெச்டி வேலை செய்யாது, ட்ராக்கர், அதாவது யார் யார் இருக்காங்கன்னு சொல்ற சர்வர் இல்லாம யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. மேக்னட் லிங்க்கை காப்பி பண்ணி ஃபேமிலி க்ரூப்ல போடுங்க.

உங்க அப்லோடு 50 எம்பிபிஎஸ்னு வச்சுக்குவோம், 80 ஜிபி ஒரு தடவை வெளிய போக மூணரை மணி நேரம் ஆகும். தனித்தனியா மூணு பேருக்கு அனுப்பினா பத்தரை மணி நேரம். டோரண்ட்ல அப்படி இல்ல, அக்காகிட்ட போன துண்டை அக்கா மாமாவுக்குக் குடுப்பாங்க, மாமாகிட்ட இருக்கறதை தம்பி எடுத்துக்குவான், நீங்க ஏறக்குறைய ஒரு தடவை அனுப்பினாப் போதும். மூணு பேரும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல இருக்கணும், டொரண்டோ நேரத்தைக் கணக்குப் போட்டு ஒரு சனிக்கிழமையா பாருங்க.

மாட்டினா ஒரு இடத்துலதான் மாட்டும். நம்ம ஊர்ல நிறைய நெட் கம்பெனிங்க ஒரே ஐபியை நூத்துக்கணக்கான வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்கறாங்க, சிஜிநேட்னு சொல்லுவாங்க, அப்ப வெளியிலேருந்து யாரும் உங்க கதவைத் தட்ட முடியாது, நீங்கதான் போய்த் தட்டணும். உங்க வீடும் பெங்களூர் வீடும் ரெண்டுமே அப்படின்னா நேரா பேசிக்கறது கஷ்டம், ஆனா அக்கா வீட்டுல போர்ட், அதாவது வெளியாள் தட்டுற கதவு திறந்திருந்தா ரெண்டு பேரும் அங்க போய்த் தட்டலாம், தம்பிக்கு அக்கா வழியா வந்துடும். எல்லார் ரௌட்டர்லயும் ஐபிவி6ங்கற புது வகை ஐபி நம்பரை ஆன் பண்ணினாலே சில சமயம் சரியாயிடும். இதெல்லாம் தலைவலின்னா சிங்க்திங்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது வழி கிடைக்கலன்னா நடுவுல ஒரு ரிலே வச்சு அனுப்பிடும், வேகம் கம்மி, ஆனா போய்ச் சேரும்.

கடைசியா, செட்டிங்க்ஸ்ல ஸ்லீப் மோடை ஆஃப் பண்ணிடுங்க. லேப்டாப் மூடியைச் சாத்திட்டுத் தூங்கப் போயிட்டு, காலையில அக்கா ஃபோன் பண்ணி "தாலி கட்டுற வரைக்கும் வந்துச்சுடா, அதோட நிக்குது"ன்னு சொன்னா என்னைத் திட்டக்கூடாது.